விடுபட்ட அளவு

எனக்குத் தெரியக் கூடாது.
அதற்குத்தான் சம்பளம்.

பக்கவாதம் தளர்த்திய கைகள் எழுபத்திரண்டு.
பாதிப் பேருக்குக் கண்ணாடிப் பெட்டி:
நல்ல கை அசைய அசைய
சோர்ந்த கைதான் அசைகிறதென்று
மூளை ஏமாற வேண்டும்.
மீதிப் பேருக்கு வழக்கமான பயிற்சி,
துண்டு பிழிதல், களிமண் உருட்டல்.
யாருக்கு எது என்பது
ஒட்டிய உறைகளுக்குள், மாடியில்,
மிரேயாவின் இரும்பு அலமாரியில்.

கீழே நான் அளப்பவள் மட்டும்.
ஒன்பது குழி, ஒன்பது குச்சி, ஒரு நிறுத்துக் கடிகாரம்.
வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்:
மாடியில் நடப்பதைப் பற்றி
என்னிடம் மூச்சு விடாதீர்கள்.

கப்பல் பட்டறை வெல்டர் எலாதியோ
அப்படியும் ஒருநாள் வாயெடுத்தார்:
"அந்தக் கண்..."
இருமினேன். பலமாக.
"கண் எரிகிறது, சென்யோரா" என்று முடித்தார்.
நல்ல மனிதர்.
இருவரும் சிரிக்காமல் குச்சிகளையே பார்த்திருந்தோம்.
மறைப்பு கலைந்ததா என்று கேட்க
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
'இல்லை' என்று குறித்தேன்.
அது இன்னும் உறுத்துகிறது.

வால்டிவியாவில் மே மாதம் பிடிக்கிற மழை
ஆகஸ்டிலும் விட்டபாடில்லை.
முப்பத்தொன்றாம் எண், ஒதிலியா வைக்கின்,
கடலோரத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி
பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்து வருவாள்.
முதல் அளவு: நூற்றுப் பதினெட்டு வினாடி,
மூன்று குச்சி தரையில்.
ஆறாம் வாரம்: எண்பத்தொன்று.
பன்னிரண்டாம் வாரம் நாற்காலி காலி.
மிரேயா மூன்று முறை போன் செய்தாள்.
நான்காம் முறை அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை.
பட்டியலில் சேர்த்தோம்:
கைவிட்டவர்கள், ஆறு பேர்.
கையை விட்டார்களா, எங்களை விட்டார்களா,
அந்தச் சொல்லுக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் முடிவு வந்தது.
புள்ளியியல்காரர் எர்வின் ஹாவர்பெக்
திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.
இரண்டு கோடுகள், ஒரே குடைக்குள்
இடித்துக்கொண்டு நடப்பவர்கள் போல.
கண்ணாடி ஜெயிக்கவில்லை.
தோற்றது என்றும் சொல்ல முடியாது.
எல்லாக் கைகளும் கொஞ்சம் தேறியிருந்தன,
மருந்தாலோ, பயிற்சியாலோ,
நாள் போனதாலோ.
"அந்த ஆறு பேர் இருந்திருந்தால்..." என்ற எர்வின்
வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு
சாண்ட்விச்சைப் பிரித்தார்.

சனிக்கிழமை, ஆற்றோர மீன் சந்தை.
கழிவுக்கு வாய் பிளந்து
கடற்சிங்கங்கள் படிக்கட்டை அடைத்துக் கிடந்தன.
சிப்பிக் குவியலுக்குப் பின்னால் ஒதிலியா.
கத்தி வலக்கையில்.
அந்தக் கையேதான்.
விளிம்பில் நுழைத்து, ஒரு திருப்பு திருப்பி,
சதையை வழித்து வாளியில் போட்டு
அடுத்தது.
என்னைக் கண்டதும் முகம் சுருங்கியது,
கடன் கொடுத்தவளைக் கண்டதுபோல்.
"மகளுக்குப் பிரசவம். அப்புறம் படகு வேற உடைஞ்சுது.
வர முடியலை."
நான் ஒரு கிலோ கேட்டேன்.

மீதியை நோட்டாகத் தந்திருக்கலாம்.
காசு காசாக என் உள்ளங்கையில் வைத்தாள்.
வேண்டுமென்றேதான் என்று இப்போது தோன்றுகிறது.
ஒன்பது காசு.
நான் நேரம் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.
இருபத்தாறு வினாடி.
ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

"எனக்கு என்ன குடுத்தாங்கன்னு
இப்போ சொல்லலாமா?"
பதிவேடு மூடி மூன்று வாரம்.
சொன்னால் யாருக்கும் நட்டமில்லை.
தொண்டை தானாகச் செருமியது.
அதற்குள் யாரோ நண்டு விலை கேட்க
அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

பேருந்தில் ஏறியபோது
சில்லறை இருக்கிறதா என்றார் ஓட்டுநர்.
இல்லை என்று சொல்லி
பெரிய நோட்டை நீட்டினேன்.
கோட்டுப் பைக்குள் இருந்த கையில்
ஒன்பதும் ஈரமாக, மீன்வாடையோடு.