இரண்டு ஆணி

சட்டம் கேட்கவில்லை.
மோட்டார் வண்டிக்குத்தான் அபராதம், சைக்கிளுக்கு இல்லை என்று
சாயல்குடி முக்கில் நிற்கும் காவலரே சொன்னார்,
சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு.
ஆனாலும் வாங்கினேன்.
நாற்பத்தாறு வயதில், சேகு உதுமான் கடையில்,
எண்ணூற்றைம்பது ரூபாய்க்கு
மஞ்சளாய் ஒரு ஹெல்மெட்.
"பிள்ளைக்கா?" என்றார்.
"எனக்கு."
இன்னொரு முறை கேட்டார்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை.
கச்சான் தொடங்கிய மூன்றாம் நாள்
மணல் ஏறிக் கிடந்த தார் ரோட்டில்
முன்சக்கரம் வழுக்கியது.
தபால் பை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
எனக்கும் மைல்கல்லுக்கும் நடுவே
ஒரு சாண் மிச்சம்.
எழுந்ததும் முதலில் தேடியது
பென்ஷனுக்கு ரேகை வைக்கும் கருவியை.
அதற்குப் பஞ்சு வைத்த உறை கொடுத்திருக்கிறார்கள்.
உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
தலை உடைந்தால் எதில் பிடிப்பார்கள் என்று
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

"என்னக்கா, இன்னைக்கு நிலாவுக்கா தபால்?"
இது நரிப்பையூர்.
"சட்டியக் கவுத்துட்டு வந்திருக்கியே தாயி,
சோறு எதுல வடிச்ச?"
இது கன்னிராஜபுரத்து மங்களேசுவரி,
ரேகை விழாத விரலைச் சேலையில் துடைத்தபடி.

கரி லாரி ஓட்டும் வில்வத்துரை சொன்னான்:
"என் வண்டி ஏறுனா ஒம்ம மஞ்சச் சட்டி என்னக்கா செய்யும்?"
ஒன்றும் செய்யாதுதான்.
இது மணலுக்கு. மைல்கல்லுக்கு.
வேலிக்கருவைக்குள்ளிருந்து குறுக்கே பாயும் ஆட்டுக்கு.
லாரிக்கான கவசம்
உன் காலடியில் இருக்கிறது தம்பி,
பிரேக் என்று பேர்.

பொய் சொல்லக் கூடாது,
போட்டுக்கொண்டு ஓட்டுவது சுகமில்லை.
துளைகளில் கச்சான் புகுந்து ஊளையிடும்.
பின்னால் வருவது வண்டியா காற்றா தெரியாது.
வேர்வை கண்ணுக்கு இறங்கும்.
பூ நசுங்கும்.

இன்னாசி சோற்றில் வைத்த கையை எடுக்காமல் சிரித்தார்.
"பத்துப் பாகம் தண்ணிக்கு மேல
வெறும் மேலோட போயிட்டு வாரேன்.
நீ ரோட்டுக்குப் பயப்படுற."
அவருக்கும் ஒன்று உண்டு,
ஆரஞ்சு நிறத்தில், ஊதல் தொங்க.
வள்ளத்தில் அது தலையணை.
"அப்ப நீரு அதப் போடும், நான் இதப் போடுறேன்" என்றேன்.
அன்றைக்கே சுவரில்
அடுத்தடுத்து இரண்டு ஆணி அடித்தார்.

பத்து நாள் தாங்கவில்லை.
கோயில் திருப்பம் தாண்டியதும்
கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினேன்.
ரோச்மா நகரில் அதற்குள் பன்னிரண்டு நாட்டுமுட்டை வாங்கி வைத்து வந்தேன்.
ஒன்றுகூட உடையவில்லை.
அந்தமட்டில் நல்ல கவசம்.
அவர் தன்னுடையதை
வலைக் கொட்டகையில் போட்டுவிட்டுக் கடலேறுவது
பெல்சியா சொல்லித் தெரியும்.
நான் கேட்டதில்லை.
என் ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருந்த கோழி இறகை
அவரும் கேட்டதில்லை.
மாலையானால் இரண்டும்
ஆணியில் ஒழுங்காகத் தொங்கும்,
பூசைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி.

அந்த வியாழக்கிழமை
மதியம் கரையேற வேண்டிய வள்ளம்
விளக்கு வைத்தும் வரவில்லை.
போன் அடித்து அடித்து ஓய்ந்தது.
சுவரைப் பார்த்தேன்.
வெறும் ஆணி எதையும் சொல்லாது.
கொட்டகைக்கு ஓடினேன்.
செல்போன் வெளிச்சத்தில்
மிதப்புகள், ஐஸ் பெட்டி, குட்டி போட்ட நாய்.
தார்ப்பாயைப் புரட்டினேன்.
வலையைப் புரட்டினேன்.
ஆரஞ்சு எங்கேயும் இல்லை.

ஒரு பொருள் காணாமல் போனதற்கு
நான் அழுதிருக்கிறேன்.
காணாததால் மூச்சு வந்தது
அன்றைக்குத்தான்.

வள்ளங்கள் ஒதுங்கும் துறைக்கு இரண்டு மைல்.
விளக்கில்லாத ரோடு, முழுக்க மணல்.
ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துப் போட்டேன்.
தாடைக்குக் கீழே வார் 'டக்' என்றது.
கேலி செய்ய ஒரு ஆள் இல்லை,
போட்டுக்கொண்டதைப் போய்ச் சொல்லவும் இல்லை.

பாதி வழியில், இடப்பக்கம், கடலிருந்து
ஒரு சத்தம்.
இன்ஜினா,
துளைக்குள் கச்சானா?
நின்று கழற்றினால் தெரிந்துவிடும்.
கழற்றவில்லை.
அழுத்தி மிதித்தேன்.