கூரையின் கீழ் எத்தனை பேர்

நெடுஞ்சாலைக்கு வடக்கே நாட்டுப்புறம்,
தெற்கே நகரம்.
திருமதி குபிசெக்கின் கணினித் திரையில்
கோடு அப்படித்தான் ஓடியது.
இரண்டு பக்கமும் ஒரே சோளக்கொல்லை.
பனி வாரும் வண்டியும் ஒன்றுதான்,
இரண்டு பக்கத்துக்கும் ஒரே தாமதம்.

நான் ஆசைப்பட்ட வீடு தெற்கே.
சமையலறையில் கிழக்குச் சன்னல்.
அம்புக்குறி அதைத் தொட்டதும்
திரை மஞ்சளாயிற்று: பொருந்தாது.

சரி, வடக்கே போனோம்.
ஸ்டோடார்ட் குடும்பம் காலி செய்த வீடு.
மூன்று படுக்கையறை, கசியும் கழிவுத்தொட்டி,
கிணற்று நீரில் கொஞ்சம் நைட்ரேட்.
தொட்டியை விற்பவர் சரிசெய்ய வேண்டும்,
தண்ணீருக்கு வடிகட்டி வைக்க வேண்டும்,
முன்பணம் ஒரு சல்லிக்காசு வேண்டாம், என்றாள்.
அந்தக் கடைசி வார்த்தைக்காக
பதினோரு வருட வாடகையை மன்னித்தேன்.

பிறகு பேனாவைத் திறந்தாள்.
"கூரையின் கீழ் எத்தனை பேர்?"

நான், கேரட், பிள்ளைகள் இரண்டு.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
கேரட் பொய்க்குப் பழகாதவன், இருமினான்.
"என் தம்பி ராலின். சோபாவில் படுப்பான்."

கடன் அவன் பெயரில் இல்லையே என்றேன்.
"பெயர் வேண்டாம்,
சம்பளம் கணக்கில் வரும்" என்றாள்,
கெட்ட செய்தி சொல்லிப் பழகிய குரலில்.

ராலினுக்கு சர்க்கரை ஆலையில் வேலை.
அக்டோபரில் கிழங்கு வந்து குவிந்தால்
பிப்ரவரி வரை பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்.
அவனுடைய ஓவர்டைம்,
முதியோர் இல்லத்தில் என் இரவுகள்,
கேரட்டின் லாரி, எல்லாம் கூட்டி,
பிள்ளைகளுக்கானதைக் கழித்து,
இரண்டு முறை சரிபார்த்தாள்.
வரம்புக்கு மேல் இருநூற்றுப் பதினான்கு டாலர்.

எங்களிடம் பணம் அதிகம் என்று
முதன்முதலாக ஒருத்தி சொல்கிறாள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவளும் சிரித்திருப்பாள்,
மேசையில் கொடி இல்லாமலிருந்தால்.

ராலினிடம் நாங்கள் சொல்லவில்லை.
எங்கள் வாடகை வீட்டுச் சுவர் சொல்லியிருக்கும்.
இரண்டாவது செவ்வாய்க்கிழமை
டயர் கடை மாடியில் அறை பிடித்திருந்தான்.
"இந்த சோபா முதுகை ஒடிக்குது" என்றான்.
நாலு வருடமாக ஒடிக்காத முதுகு.

சும்மா பேருக்குப் போய் வா என்றேன்.
அண்ணனும் தம்பியும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.
பன்னிரண்டு மாத ஒப்பந்தம்,
உண்மையான கையெழுத்து,
தபால் நிலையத்தில் மாற்றிய முகவரி.
ஒரு பையில் அடங்கிவிட்டான்.
சின்னவள் அவன் தலையணையைக் கொடுக்கவில்லை,
அவனும் கேட்கவில்லை.

ஏப்ரலில் சாவி கொடுத்தார்கள்.
இனி யார் வந்து தங்கினாலும்
தான் கேட்கப்போவதில்லை என்றாள்
திருமதி குபிசெக், காகிதங்களை அடுக்கியபடி.
மூன்றாவது அறை காலியாக இருக்கிறது.
அவன் ஒப்பந்தத்தில் இன்னும் ஏழு மாதம்.

சோபாவின் ஒரு முனையை
ராலின்தான் தூக்கி வந்தான்.
சுவரோரம் இறக்கினான், நேராக்கினான்,
உட்காரவில்லை.

ஞாயிறுதோறும் சாப்பிட வருகிறான்.
உன் வீட்டுக் கதவையே தட்டுவாயா,
திறந்துகொண்டு வா என்கிறேன்.
சரி அண்ணி என்கிறான்.
அடுத்த ஞாயிறும்
தட்டுகிறான்.