மூன்று கோச்சி

நாளைக்குப் பரிசோதனை என்று
அலுமாரியிலிருந்து புது விரிப்புகள் இறங்கின,
பூச்சியுருண்டை வாசத்தோடு.
வருடத்தில் ஒருநாள் நாங்கள்
பூப்போட்ட துணியில் படுக்கிறோம்.
சுருக்கம் விழாமல் படுங்கோ என்றா மேற்றன்.
எண்பத்தொரு வயதில் அது எப்படி என்று
கேட்டார் பக்கத்துக் கட்டில் அருளம்பலம்.
அவ போனபிறகுதான் சிரித்தோம்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை இது.
கோச்சி போனால்
பற்கள் ஊறும் கிளாசில் தண்ணீர் நடுங்கும்.
பத்திரமாய் இருக்கட்டும் என்று
என் மணிக்கூட்டை வாங்கி வைத்துவிட்டார்கள்.
நேரத்தை நான் கோச்சியால் அளக்கிறேன்.

மணியை அமத்தியதற்கும்
செருப்புச் சத்தம் வந்ததற்கும் இடையில்
திங்கள் ஒன்று,
செவ்வாய் இரண்டு,
வியாழன் மூன்று.
மூன்றாவது கடந்தபோது
அவசரம் முடிந்திருந்தது.
முதலில் சூடு. பிறகு குளிர்.
எல்லாம் கலண்டர் தாளின் பின்பக்கத்தில்
திகதியோடு இருக்கிறது.
முப்பத்துநாலு வருடம் சுங்கத்தில் கணக்காய்வு.
கை சும்மா இராது.

வந்தவள் குசுமலதா,
மொனராகலைப் பிள்ளை.
அனே, என்றாள்.
உள்ளங்கைகளைப் பாவாடையில் தேய்த்துச்
சூடாக்கிய பிறகே என்னைத் தொட்டாள்.
அவளுக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்:
திரும்பு, நோகுதா, முடிஞ்சுது.
அதற்குமேல் எங்களுக்குத் தேவைப்பட்டதும் இல்லை.

வெள்ளியன்று வந்த பையன்
கட்டங்களோடு வந்தான்.
சாப்பாடு? சரி.
சவரம்? ஞாயிறுகளில்,
வெளிநாட்டு அழைப்புகள் வருமுன்.
எழுதாமல் சிரித்தான்.
மணி வேலை செய்யுதா, ஐயா?
மேற்றனின் கை என் தோளில்,
மிகவும் அன்பாக.

தாள் தலையணைக்குக் கீழே.
எடுத்து நீட்டலாம்.
துறைமுகத்தில் மூட்டை குறைந்தபோதெல்லாம்
வேலை போனது காவற்காரனுக்கு.
கையெழுத்து வைத்தவர்கள்
பென்சனோடு வீட்டுக்குப் போனார்கள்.
எனக்குத் தெரியும்.
அந்த அறிக்கைகள்
என் கையெழுத்தில்தான் இருக்கின்றன.

மணி வேலை செய்யுது, தம்பி, என்றேன்.
அதை எண்ணாதையும்.
பதினெட்டுக் கட்டிலுக்கு
இரவில் இங்கே நடக்கிறது
எத்தனை சோடிச் செருப்பெண்டு
எண்ணிப் பாரும்.

தோளிலிருந்த கை எடுபட்டது.
பையன் கட்டம் தேடினான், மேலும் கீழும்.
கடைசியில் எதையோ தட்டினான்.
கண்ணாடி இல்லாமல்
அது ஒரு சொல்லா, வெறும் புள்ளியா,
எனக்குத் தெரியவில்லை.

ஐந்து மணிக்குப் பூக்கள் மடிக்கப்பட்டு
அலுமாரிக்குத் திரும்பின,
எங்கள் சூடு ஆறுமுன்.

இப்போது இருட்டு.
மணியை அமத்திவிட்டேன்.
ஒரு கோச்சி போய்விட்டது.
அடுத்தது
தெகிவளைப் பக்கம் கேட்கிறது.