இரண்டு பாரம்

டயர் கடையின் கணக்கு மேசையில்,
கம்ப்ரசர் நின்ற இடைவேளையில்,
இரண்டையும் பக்கம் பக்கமாய் வைத்தேன்.
பாரம் என்றுதான் சொல்கிறோம் இந்த ஊரில் இந்தத் தாளை.
ஒன்று தீவுச் சங்கத்தினுடையது.
மற்றது பாலத்துக்கு அப்பால், பட்டர்வொர்த்காரர்களுடையது.
கடைசி வரி மட்டும் இரண்டிலும் ஒன்றே:
வேறு சங்கத்தில் ஆடும் குழு
இங்கே ஆட முடியாது.

தீவில் குழுவுக்கு முந்நூற்றைம்பது வெள்ளி.
ரசீது அன்றைக்கே வரும், முத்திரையோடு.
போன வருடம் எங்கள் ஒன்பது பேரில்
நான்கு பேரின் காலுறை ஒரே நீலமில்லை என்று
ஐம்பது வெள்ளி அபராதம்.
அம்பயர் குனிந்து குனிந்து
ஒவ்வொரு கணுக்காலாய்ப் பார்த்ததை
ஹுய் ஷின் இன்னும் நடித்துக் காட்டுவாள்,
வேன் குலுங்கச் சிரிப்போம்.
ஆனால், இதையும் சொல்லத்தான் வேண்டும்,
மிதிலாவின் விரல் முறிந்த அன்று
திடலோரம் ஆம்புலன்ஸ் தயாராய் நின்றது.
இருபதாம் நாள் காசோலை வந்தது.
அவள் பெயரில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை.

அங்கே நூற்றிருபது.
"இப்ப இல்லேன்னா அப்புறம் குடுங்க."
ஆட்ட நேரம் இரவு பதினொன்றரைக்கு மாறும்,
போனில் ஒரு வரியாக.
விடிந்து, டோல் கட்டி, பாலம் தாண்டிப் போனால்
திடலில் யாரோ கல்யாணக் கூடாரம் போட்டிருப்பார்கள்.
சுண்ணாம்பு தீர்ந்துபோய்
வெள்ளைக்கோடு மூன்றாம் பேஸுக்குப் பாதிவழியில் நின்றுவிடும்.
அந்தக் கோடில்லாத இடத்தில் விழுந்த பந்தில்தான்
அரையிறுதி போயிற்று.
முறையிட ஆள் தேடினேன்.
செயலாளர் வியர்க்க வியர்க்க
மீ கோரேங் கிளறிக்கொண்டிருந்தார்,
எங்களுக்கும் சேர்த்து.

கூட்டலாம், கழிக்கலாம்.
கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான்.
தீவின் பாரத்தில் பத்தாவது வரியில்தான் கை நின்றது.
அடையாள எண்: பன்னிரண்டு கட்டங்கள்.

ஷர்வினி ஜெலுத்தோங்கில் பிறந்தவள்.
ஜெலுத்தோங் மருந்துக்கடை, ஜெலுத்தோங் பள்ளிக்கூடம்,
ஜெலுத்தோங் வெயில்.
பிறப்புப் பத்திரத்தில் குடிமகள் என்ற இடத்தில்
'அல்ல' என்றிருக்கிறது.
இடது கையால் எறிவாள்.
அவள் பந்து மட்டைக்கு வருமுன்
ஒரு கணம் யோசிக்கும்.

தீவுச் சங்கத்து அலுவலர் கெட்டவர் இல்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கட்டம் காலியாக இருந்தால் கணினி ஏற்காது, மேடம்."
துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.
பட்டர்வொர்த்தில் கேட்ட ஒரே கேள்வி:
"சட்டை என்ன சைஸ்?"

சனிக்கிழமை, பயிற்சி முடிந்து, பிள்ளைகளிடமே கேட்டேன்.
அவர்கள் கணக்கு வேறு.
தீவில் தர்பூசணி உண்டு, அங்கே இல்லை.
தீவின் கோப்பை கனம்,
அங்கே கொடுப்பது குளித்தால் மிதக்கும் என்றாள் பல்கிஸ்.
தீவில் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது.
அங்கே ஒருத்தி வெளியே நின்று
கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
"அதுக்கென்ன, நான் பிடிச்சுக்கிறேன்"
என்றாள் ஷர்வினி, பின்சீட்டிலிருந்து,
கையுறையின் அவிழ்ந்த வாரைப் பல்லால் இறுக்கிக்கொண்டே.
கட்டங்களைப் பற்றி அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை.
யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பட்டர்வொர்த் பாரத்தை எடுத்தேன்.
ஒன்பது பெயர், ஒன்பது சைஸ்.
கையெழுத்துப் போட்ட பிறகும் பேனா மூடவில்லை.
அவள் விரல் அங்கே முறிந்தால்
பானக்கடை ஐஸ் மட்டும்தான்.
காப்புறுதி என்றொரு வரியே அதில் இல்லை.
ஸ்கேலை எடுத்து, காலியான ஓரத்தில்
நானே ஒரு கட்டம் போட்டேன்.
உள்ளே என்ன எழுதுவது?
கடையில் கம்ப்ரசர் மறுபடி ஓடத் தொடங்கியது.
மேசை அதிர்ந்தது,
பேனாவும்.