இடக்கைக் கூடை

ஏலக்காரர் டன்பார் கேட்பது ஒரே வரி:
எந்தப் போரில் இருந்தது?
போர் சொன்னால் விலை இரட்டிக்கும்.

அலகு ஜெர்மனியில் அடித்தது.
கொல்லன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை;
திருட்டு முத்திரை, நல்ல எஃகு.
பிடி ஸ்டெர்லிங் பட்டறை வேலை.
இரும்புப் பட்டைகளால் முடைந்த கூடை,
உள்ளே சிவப்புக் கம்பளி,
அந்து தின்றதுபோக ஒரு விரல் அகலம்.

நுனியிலிருந்து ஒரு சாண் கரி.
வாள் வைத்திருந்தால் குற்றம் என்று
லண்டன் சட்டம் போட்டபின்
யாரோ இதில் ஆட்டுத்தொடை கோத்துச் சுட்டிருக்கிறார்கள்.
இரத்தம் கழுவினால் போகும்.
கொழுப்பு போகாது.

பெருவிரல் வளையம்தான் இடிக்கிறது.
வலக்கையை நுழைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை.
விளக்கைச் சாய்த்தேன்.
அந்தப் பக்கம் அறுத்து
இந்தப் பக்கம் பற்றவைத்த தழும்பு.
அவசரம்; அரம்கூடப் போடவில்லை.

வாங்கிய அன்று இவன் வலக்கையன்.
கூடை மணிக்கட்டு வரைதான் காக்கும்,
அதற்குமேல் அவனவன் அதிர்ஷ்டம்.
எத்தனை மழைக்காலம் ஆயிற்றோ
இடக்கையால் கஞ்சி அள்ள,
கால்சட்டைக் கயிறு முடிய,
அப்புறம் இதை வீச.
மறுபடியும் வீசத்தான் நினைத்தான்.
அதுதான் என்னை உறுத்துகிறது.

கிண்டெய்லில் மார்சலி மக்ரேயைத் தொலைபேசியில் பிடித்தேன்.
"போரா? எங்கள் வீட்டில் அது எப்போதும்
இறைச்சிக் கம்பிதான். காசு எப்போது வரும்?
கூரை ஒழுகுகிறது."

படிவத்தில் எழுதினேன்:
பிடியில் பழைய பழுது.
டன்பார் நூறு பவுண்டு குறைத்தார்.