நாற்பது நாற்காலி

ஞாயிறு எட்டரைக்கே
பள்ளிக்கூட ஜிம்மின் சாவியோடு நிற்கிறேன்.
ரெஜைனாவில் இன்று மைனஸ் முப்பத்திநாலு.
மூக்குமயிர் உறைந்து குத்துகிறது.

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழேதான் எங்கள் திருமேசை.
சிலுவை கார் டிக்கியில் வரும், இரண்டு துண்டாக.
ஒரு போல்ட், ஒரு வாஷர்.
விரல் மரத்துப்போன நாளில் வாஷர் உருண்டோடும்.
முழங்காலிட்டுத் தேடுவேன்.
இப்போதெல்லாம் நான் முழங்காலிடுவது
அதற்கு மட்டும்தான்.

பிறகு நாற்காலி.
வரிசைக்கு எட்டு, ஐந்து வரிசை.
வருகிறவர்கள் ஒன்பது பேர்;
வேதமாணிக்கம் அண்ணனுக்கு இருமல் என்றால் ஏழு.
பிராம்ப்டனுக்குக் குடிபோன குடும்பங்கள்
கிறிஸ்துமஸுக்கு வாட்ஸப்பில் நட்சத்திரம் அனுப்புகின்றன.
"இருபது போதுமே தம்பி,
எதுக்கு முதுகை ஒடிச்சிக்கிறீங்க?"
என்று போதகர் ஒருமுறை கேட்டார்.
பதில் தெரியவில்லை.
நாற்பதையும் போட்டேன்.

வெளியே காரில் எப்சிபா இருக்கிறாள்,
என்ஜின் ஓட, கண்ணாடி வேர்க்க.
பார்சல் கிடங்கில் இரவு வேலை முடித்து வருகிற எனக்குக்
கண் செருகிவிடும் என்று
அவள்தான் ஓட்டிக்கொண்டு வருவாள்.
இந்த வாசல்வரை.

பதினொரு நாள் இருந்தான் எங்கள் பிள்ளை.
பெயர் வைத்திருந்தோம்.
ஆஸ்பத்திரி நடையில் அன்று முப்பது பேர்
சுற்றி நின்று கேட்டார்கள்.
நானும் கேட்டேன், சத்தமாக.
அவள் கேட்கவில்லை.
பால் கட்டிய மார்பை இரு கையாலும் பிடித்தபடி
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருவர், சித்தம் என்றார்.
ஒருவர், சோதனை என்றார்.
ஒருத்தி மட்டும் மீன்குழம்பு கொண்டுவந்து வைத்து,
தொட்டியில் கிடந்த எங்கள் பாத்திரங்களைக் கழுவிவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனாள்.

இரண்டு வருஷமாக எனக்கு ஜெபம் வருவதில்லை.
வாசலில் நின்று வாய் திறந்தால்
வெள்ளையாய் மூச்சு வரும், அவ்வளவுதான்.
நாற்காலி போட வருகிறது.
இரும்புக் கால் தரையில் இழுபடும் கிரீச்சை
கேட்கிறவர் கேட்டுக்கொள்ளட்டும்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு,
ஆராதனை நடுவில் கதவு திறந்தது.
எப்சிபா. இமையெல்லாம் பனி.
"பேட்டரி செத்துப்போச்சு.
குளிருக்குத்தான் வந்தேன்."

கர்த்தர் பேட்டரியைக் கொன்றார் என்று
சாட்சி சொல்லப்போவதில்லை நான்.
பழைய பேட்டரி.
மாற்றச் சொல்லி அவள் மூன்று மாதமாய்ச் சொன்னாள்.

கடைசி வரிசை, ஓர நாற்காலி.
கோட்டைக் கழற்றவில்லை.
பாடவில்லை. கண் மூடவில்லை.
காணிக்கைப் பை அவள் கையில் வந்து நின்றது.
பக்கத்தில் கொடுக்க ஆளில்லை.
எழுந்து, ஏழு காலி நாற்காலியைக் கடந்து,
சுவரோரம் நின்ற வேதமாணிக்கம் அண்ணனிடம்
நீட்டிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.
அத்தனை நேரமும் யாரும் இருமவில்லை.

முடிந்ததும் என்னோடு சேர்ந்து மடக்கினாள்.
"வாராவாரம் இம்புட்டையுமா போடுதீய?"
"ஆமா."
"கிறுக்கு."
சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை.

அடுத்த ஞாயிறு புதுப் பேட்டரி.
மறுபடி காருக்குள்தான் இருந்தாள்.
அதற்கடுத்த ஞாயிறும்.
இன்றும்.

அவள் உட்கார்ந்த நாற்காலி எதுவென்று எனக்குத் தெரியும்.
ஒரு காலில் ரப்பர் இல்லை. ஆடும்.
அன்று முழுக்க அவளுக்கு அது ஆடிக்கொண்டே இருந்திருக்கும்.
நாற்பதாவதாக அதை விரிக்கிறேன்.
போன வாரத்து ஆராதனைத் தாளை
நாலாய் மடித்து
குட்டைக் காலுக்கு அடியில் கொடுக்கிறேன்.
கையை ஊன்றி அழுத்திப் பார்க்கிறேன்.

நிற்கிறது.