வர்க்கி

கோத்தகிரியில் உறைபனி கொட்டிய மார்கழியில்
நான் மட்டும் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தேன்.
"பேய் கீய் பிடிச்சிருக்கா உனக்கு?"
கம்பளிக்குள்ளிருந்து மருதை கேட்டான்.

மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ.
ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாயிற்று.
பசியோ அடங்கவில்லை.
கொழுந்து நிறுத்து எடை எழுதும் நோட்டில்
என் ஏழுகளெல்லாம் நெளிந்தன.

சர்க்கரை இருநூற்று எண்பது. மாத்திரையைக் கூட்டினார்கள்.
முந்நூற்றுப் பத்து. மறுபடி கூட்டினார்கள்.
"திருட்டுத்தனமா திங்கிறே."
மருதை வர்க்கி டப்பாவைப் பரணில் ஏற்றினான்,
எண்ணிவிட்டு: பதினொன்று.
எனக்குக் கேட்கும்படியாகவே எண்ணினான்.
சீனியில்லாத சாயத்தண்ணியை
நான் அவன் கண்முன்னால் குடிக்கப் பழகினேன்.

தை மாதம் பெரியாஸ்பத்திரியில் புது டாக்டரம்மா
ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.
தாகத்துக்கென்று நினைத்தேன்.
விழுங்கும்போது அவள் என் கழுத்தையே பார்த்தாள்.
"இன்னொரு மடக்கு."
பின்னால் வந்து இரண்டு விரலால் தொட்டாள்.
எனக்குள் ஏதோ ஏறி இறங்கியது,
ஐம்பது வருஷமாய் அங்கேதான் இருந்ததாம்.

மருதைக்குப் பாய்லர் பாஷைதான் புரியும்.
அதிலேயே சொன்னேன்:
மேலிருந்து யாரும் கேட்காமலே
ஒருத்தன் ராப்பகலாய் விறகு தள்ளுகிறான் என்று வை.
கொட்டகை என்னவாகும்?
"காலியாகும்."
என் கொட்டகை ஈரல்.
அங்கே அடுக்கியிருந்த சர்க்கரையை
அள்ளி அள்ளி ரத்தத்தில் போட வைத்தது தைராய்டு.
திருடி வாயில்லை, மருதை.
நாலு விரல் கீழே.

அவன் பீடியை அணைத்தான். அவ்வளவுதான்.
மறுநாள் பரணிலிருந்து டப்பா இறங்கியிருந்தது.
பதினொன்றும் இருந்தன,
நமுத்து, பூஞ்சை பூத்து.
கோழிகூடத் தொடவில்லை.

பங்குனியில் ஏழுகள் நிமிர்ந்தன.
சர்க்கரை நூற்று எழுபதில் நிற்கிறது.
அதற்கும் கீழே வருமா என்று கேட்டேன்,
"பார்ப்போம்" என்றாள்.
இரண்டு டப்பா மாத்திரை, இரண்டு வேளை,
ஒன்று கழுத்துக்கு, ஒன்று மிச்சத்துக்கு.

நேற்று ராத்திரி விழிப்பு வந்தது.
பாதம் சில்லென்றிருந்தது.
கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்,
நிஜம்தானா என்று.
பிறகு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.
"குளிருதா?"
"குளிருது."
பாதிக் கம்பளியை என் பக்கம் தள்ளினான்.
மன்னிப்பு என்று அதை எடுத்துக்கொள்ளவில்லை.
கம்பளி என்று எடுத்துக்கொண்டேன்.